நோங்ரியாட் குளங்களும் சோரா குகைகளும்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

மேகாலயாவின் நோங்ரியாட் ஊருக்கு ஐந்து நட்சத்திரம், அங்கே தங்கிய ஹோம்ஸ்டேவுக்கு நாலரை, சோராவில் குகைக்குள் கூட்டிப்போன உள்ளூர் கைடுக்கு ஐந்து, 'காட்டுக் குளம், காட்டுக் குகை' என்று எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி விற்ற ஷில்லாங் ஏஜென்சிக்கு ஒன்று. அந்த ஒன்றும் வண்டி ஓட்டியவருக்காகத்தான், மனிதர் அந்த மேகமூட்டத்திலும் பொறுமையாக ஓட்டினார். ஏஜென்சி பெயரைச் சொல்லவில்லை. இதே பேக்கேஜை வேறு வேறு பெயரில் விற்கிறவர்கள் அங்கே நிறையப் பேர், ஒருவரை மட்டும் காட்டிக்கொடுத்துப் பிரயோஜனமும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பயணத்துக்கு நடுவில் ஆள் தேவையே இல்லை. படி இறங்கிப்போய் ஊர்க்காரர் கையில் நேராகக் காசைக் கொடுங்கள், பாதிச் செலவில் இரண்டு மடங்கு பார்த்துவிடலாம்.

வழி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குவாஹாட்டியில் இறங்கினால் ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 50-க்கு மேல் சோரா. பள்ளிக்கூடத்தில் சிரபுஞ்சி என்று படித்தோமே, அதேதான். ரயில்தான் பிடிக்கும் என்கிறவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஈரோடு வழியாகப் போய் குவாஹாட்டியிலும் நிற்கும். ஆனால் அது 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி, நடப்பதற்கு முன்னாலேயே முதுகு போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள். ஷில்லாங் பெரிய சந்தைப் பக்கம் சோராவுக்கு ஷேர் சுமோ ஜீப் கிடைக்கும். நாகாலாந்து, அருணாச்சலம் மாதிரி இன்னர் லைன் பர்மிட் (வெளி மாநிலத்தார் உள்ளே வர வாங்கும் அனுமதிச் சீட்டு) எதுவும் இங்கே வேண்டாம். சோராவிலிருந்து டிர்னா என்ற கிராமம் வரை டாக்சி போகும், ரோடு அதோடு சரி. எங்கள் பேக்கேஜில் 'போக்குவரத்து' என்று பெரிய தொகையாகப் போட்டிருந்தது இந்த இரண்டு துண்டுப் பயணத்தைத்தான்.

டிர்னாவிலிருந்து படிக்கட்டு. மூவாயிரத்துக்கு மேல் படி. பழனி மலைக்கு 693 என்று கணக்கு சொல்வார்கள், அதை நாலைந்து முறை அடுக்கிப் பாருங்கள், அதுவும் தலைகீழாக. இங்கே முதலில் இறக்கம், வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ஏற்றம். இறங்கும்போது ஜாலியாகப் பேசிக்கொண்டு போன எங்கள் கும்பலில், பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பித்ததும் ஒருத்தன் திரும்பி நின்று, "டேய், இதையெல்லாம் நாளைக்கு நாமதான்டா ஏறணும்" என்றான், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முழுக்க இறக்கமும் கிடையாது. ஆறு வந்தால் கம்பியில் கட்டிய தொங்குபாலம், ஒவ்வொரு அடிக்கும் கிடுகிடு என்று ஆடும், கீழே வீடு அளவுக்குப் பெரிய பாறைகள், நடுவில் பச்சைத் தண்ணீர். அதைத் தாண்டினால் மறுபடி ஏற்றம், மறுபடி பாக்குத் தோப்பு, பிரிஞ்சி இலை மரம், மிளகுக் கொடி. வழியில் வீட்டு வாசலில் காய்ந்த பிரிஞ்சி இலையும் தேனும் பட்டையும் விற்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், திரும்பும்போது ஒரு இலையைக்கூடக் கூடுதலாகச் சுமக்க மனசு வராது. டிர்னாவில் மூங்கில் தடி கிடைக்கும், சில்லறைக் காசுதான், கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழிக்குக் கைடு கட்டாயம் இல்லை. படிக்கட்டு வழி ஒன்றே ஒன்று, அதுவாகவே ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எல்லாரும் படம் எடுக்கிற அந்த இரட்டை அடுக்கு வேர்ப்பாலம் நோங்ரியாட் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நம் வீட்டு வராந்தாவில் தொட்டியில் ரப்பர் செடி என்று பளபளக்கும் பெரிய இலையோடு வைக்கிறோமே, அதே இனத்து மரம். இங்கே ஆற்றங்கரையில் ராட்சசன் மாதிரி வளர்ந்து வேரை வெளியே விடுகிறது. பாக்கு மரத்தைப் பிளந்து குடைந்து, அந்தக் குழலுக்குள் வேரை விட்டு அக்கரைக்கு நீட்டி, மண்ணில் ஊன்றவிட்டு, மேலும் மேலும் வேர்களைப் பின்னி, நடக்கிற பதத்துக்கு வர ஒரு தலைமுறை ஆகிவிடும். நட்டவன் பேரன்தான் நிம்மதியாக நடப்பான். இந்த மழையில் மரப் பலகையும் மூங்கிலும் சில வருடத்தில் அழுகிவிடும், உயிருள்ள வேர் மட்டும் வயசாக ஆக இறுகிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு தெரிந்துதான் இந்த மலைகளில் வாழும் காசி பழங்குடி மக்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இந்தப் பாலங்கள் சேர்ந்தன. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்று வரை அங்கே நிற்கவே முடியாது. காலையில் சோராவிலிருந்து ஓடிவந்து, பாலத்தில் வரிசையில் நின்று படம் எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே அன்றைக்கே மேலே ஏறிவிடும் கூட்டம். அடியில் இருக்கிற குளத்தில் கால் வைத்தால் குட்டி மீன்கள் வந்து கடிக்கின்றன, அதற்கு ஒரு கூச்சல் வேறு. குளிக்கும் இடம் இது இல்லை என்பதை முதல் பார்வையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

உண்மையான நீச்சல் இதைத் தாண்டித்தான். ரெயின்போ அருவிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஊரைக் கடந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும், அவரவர் காலைப் பொறுத்தது. இங்கே படிக்கட்டு விட்டுவிட்டு வரும். வேரைப் பிடித்து ஏறணும், பாசி பிடித்த கல்லில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கணும், இன்னொரு கம்பிப் பாலம் தாண்டணும். பாதை நெடுகக் கீழே ஆறு கூடவே வருகிறது, திடீர் திடீரென்று பாறை நடுவில் ஒரு குளம், ஆள் கிடையாது. டிசம்பர் வாக்கில் தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்து அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற மாதிரி இருக்கும். ஒரு குளத்தில் நாங்கள் இறங்கினோம். மேலே வெயில், தண்ணீர் மட்டும் எலும்பைக் குத்தும் குளிர். முதல் முழுக்கில் மூச்சு அடைத்துக்கொள்ளும், இரண்டாவதில் பழகிவிடும், அப்புறம் வெளியே வரச் சொன்னால் கோபம் வரும். ஒரு பாறையில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்துகொண்டே பார்த்தால் இரண்டு பக்கமும் செங்குத்தாகக் காடு, ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதற்காகத்தான் வந்தோம் என்று அப்போதுதான் தோன்றியது. பேக்கேஜ் தாளில் இந்தக் குளம் பற்றி ஒரு வரி கிடையாது.

இங்கே காப்பாற்றும் ஆளும் கிடையாது, கயிறும் கிடையாது, போனில் சிக்னல் வந்தால் அது அதிர்ஷ்டம். ஜைந்தியா மலைப் பக்கம் கிராங் சுரி அருவியில் டிக்கெட் வாங்கி லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் தண்ணீரில் இறங்க விடுகிறார்கள். நீச்சல் அரைகுறை என்றால் அங்கே போங்கள், அதுவும் நீலக் குளம்தான், அழகில் ஒரு குறையும் இல்லை. நோங்ரியாட் ஆற்றில் பாறையிலிருந்து குதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் கண்ணை ஏமாற்றும். ரெயின்போ அருவியின் அடியிலும் அப்படித்தான், விழுகிற வேகத்துக்குக் கிட்டே போக முடியாது, பாறையெல்லாம் வழுக்கல், வெயில் சரியான கோணத்தில் அடித்தால் சாரலில் வானவில் தெரியும், பார்த்துவிட்டுத் தள்ளியே இருங்கள்.

சரி, ஹோம்ஸ்டே. பலகை போட்ட அறை, கட்டில், கனமான போர்வை, பொதுக் கழிப்பறை. ஒரு ஆளுக்குச் சில நூறு ரூபாய். ஏஜென்சி எங்களிடம் வாங்கியது இதைப் போலப் பல மடங்கு என்பதை, சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்துகொண்டோம். வீட்டு அம்மாவைக் 'கோங்' என்று கூப்பிட வேண்டும், அக்கா மாதிரி மரியாதை, ஆண்களை 'பா'. இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு போனால், கூடவே 'குப்ளேய்' என்று ஒரு நன்றியும் சொன்னால், முகம் மாறிவிடுகிறது. காசிகளிடம் வீடும் சொத்தும் கடைசி மகளுக்குப் போகும் என்பது படித்த செய்திதான், ஆனால் கணக்கு நோட்டு, பணம், யார் எந்த அறை என்கிற முடிவு எல்லாம் கோங் கையில் இருப்பதை நேரில் பார்ப்பது வேறு. இரவுச் சாப்பாடு சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், முட்டை. சைவக்காரர்கள் தாராளமாகச் சமாளிக்கலாம். ஓரமாகக் கொஞ்சம் துங்ரிம்பாய் வைத்தார்கள், புளிக்க வைத்த சோயாவில் செய்தது. வாசனை ஊரைக் கூட்டும், சோற்றில் பிசைந்தால் விட முடியாது. பன்றிக்கறி சாப்பிடுகிறவர்கள், கறி சேர்த்துச் சமைக்கும் ஜாதோ சோற்றைச் சோரா சந்தைக் கடைகளில் தேடுங்கள், அங்கேதான் நன்றாக இருக்கும். பால் டீ கிடைக்காவிட்டால் முகம் சுளிக்காமல் சிவப்புக் கட்டன் சாயா குடியுங்கள், கூடவே வெற்றிலை பாக்கு வரும், பாக்கு நம்முடையதைப் போல உலர்ந்தது இல்லை, பச்சை, சும்மா மென்றால் தலை கிறுகிறுக்கும்.

அரை நட்சத்திரம் குறைத்தது வெந்நீருக்காக. வாளித் தண்ணீர் கேட்டு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் விலை கூடுதலாக இருக்கிறது என்று சிலர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், கேட்கவே கூச்சமாக இருந்தது. அந்த அரிசி மூட்டையும், கேஸ் சிலிண்டரும், கட்டடத்துக்கு சிமெண்டும் எல்லாம் நாம் இறங்கிய அதே படியில் ஒருவர் கூம்புக் கூடையில் வைத்து, நெற்றியில் பட்டை மாட்டிச் சுமந்து வந்தவை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி அப்படிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார், நாங்கள் தடியை ஊன்றி ஊன்றி நின்றோம், அவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போது குகைக்கு வருவோம், எரிச்சல் இங்கேதான். 'மேகாலயாவின் காட்டுக் குகைக்குள் சாகசம், ஹெல்மெட் உண்டு' என்று பேக்கேஜில் போட்டிருந்தது. கொண்டுபோய் விட்டது மாஸ்மாய் குகையில். மாஸ்மாய் மோசம் என்று சொல்ல மாட்டேன், சிறுபிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதுதான் சரி. உள்ளே மின்விளக்கு போட்டு 150 மீட்டர் மாதிரி நடக்க விடுகிறார்கள், கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி இறங்கிய சுண்ணாம்புக் கூம்புகள், இரண்டு இடத்தில் உடம்பை ஒடுக்கி நுழைய வேண்டிய சந்து, வெளியே வந்தால் டீக்கடை. வாசலில் டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் போகலாம். அந்த டிக்கெட்டைச் சாகசம் என்று சொல்லி எத்தனை மடங்குக்கு விற்றிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஹெல்மெட்டும் வரவில்லை, கேட்டதற்கு "இந்தக் குகைக்கு வேண்டாம் சார்" என்று பதில், அது உண்மைதான், அதனால்தான் எங்களுக்கு அந்தக் குகையே வேண்டாம் என்று இருந்தது. பக்கத்தில் ஆர்வா குகை இருக்கிறது, பாறைச் சுவரில் பழங்காலச் சிப்பி, நத்தைகளின் படிவம் அச்சடித்த மாதிரித் தெரியும். மாஸ்மாய் கூட்டத்தில் முட்டுவதற்குப் பதில் அதற்குப் போகலாம், காட்டோரமாக நடந்து போகிற வழியும் நன்றாக இருக்கும்.

ஏஜென்சிக் கணக்கை அத்தோடு முடித்துவிட்டு, சோராவில் தங்கியிருந்த வீட்டுக்காரர் மூலமாக ஒரு உள்ளூர் கைடைப் பிடித்தோம், கிரெம் மாம்லூ குகைக்கு. கிரெம் என்றால் காசி மொழியில் குகை. இது ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு அளந்திருக்கிற குகை, விளக்கு கிடையாது, நடைபாதை கிடையாது, உள்ளே ஓடை ஓடுகிறது. கைடு வந்ததும் முதலில் வானத்தைப் பார்த்தார், அப்புறம் எங்கள் ஷூவைப் பார்த்தார், அப்புறம் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்து அதில் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாக அவரே போட்டுப் பார்த்தார். வேறு விளக்கு இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். குகைக்காரர்கள் ஒரு ஆளுக்கு மூன்று விளக்கு என்று சும்மா சொல்வதில்லை, உள்ளே விளக்கை அணைக்கச் சொல்லிக் காட்டினார், கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாலும் தெரியவில்லை.

முழங்கால் வரை தண்ணீர், கொஞ்சம் போனதும் இடுப்பு வரை. சில இடத்தில் குனிந்து, ஒரு இடத்தில் தவழ்ந்து. தவழ்ந்து எழுந்தால் திடீரென்று கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம், விளக்கை மேலே திருப்பினால் கூரை எட்டவில்லை. கூம்புகளைத் தொட விடவே இல்லை அவர். கை எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது நின்றுவிடும், பல ஆயிரம் வருடத்து வேலை ஒரு செல்ஃபிக்காக நின்றுபோகும் என்று அரைகுறை இந்தியில் சொன்னார், எங்களுக்கும் அரைகுறை இந்திதான், நன்றாகவே புரிந்தது.

இந்தக் குகையில் எடுத்த ஒரு சுண்ணாம்புத் தூணை வைத்துத்தான், பூமியின் வரலாற்றில் நாம் இப்போது இருக்கிற கட்டத்துக்கு 'மேகாலயன்' என்று 2018-இல் பெயர் வைத்தார்கள். சுமார் 4,200 வருடங்களுக்கு முன்னால் மழை பொய்த்து உலகத்தின் பல பக்கங்களில் நீண்ட வறட்சி வந்திருக்கிறது, அதன் தடயம் இந்தத் தூணின் அடுக்குகளில் பதிந்திருக்கிறது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலைக்குள் 26,461 மில்லிமீட்டர் மழை பெய்து உலக சாதனை வைத்த ஊர், வறட்சிக்கு சாட்சி சொல்கிறது! அப்படிப்பட்ட குகை இருக்கும் ஊரைச் சுற்றி இன்னொரு பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. கைடுக்குக் கேட்ட தொகைக்கு மேலேயே கொடுத்தோம். குகை ரொம்பப் பிடித்துப்போனவர்களுக்கு ஒரு தகவல், மௌசின்ராம் பக்கம் கிரெம் புரி என்று 24 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மணற்கல் குகை இருக்கிறது, உலகத்திலேயே மணற்கல்லில் இதுதான் நீளம், ஜைந்தியா மலையில் கிரெம் லியாட் பிரா 30 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் இவையெல்லாம் முறையான குகைப் பயிற்சி உள்ளவர்களோடு மட்டும். 1990-களிலிருந்து வெளிநாட்டுக் குகை நிபுணர்களும் மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷன்காரர்களும் சேர்ந்து வருடா வருடம் அளந்துகொண்டே இருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை.

மழை பெய்தால் எந்தக் குகைக்கும் போகக்கூடாது, பெய்யும் போல இருந்தாலும் கூடாது. வங்கக் கடலில் கிளம்பும் மேகம் வங்கதேசத்துச் சமவெளியைத் தாண்டி நேராக வந்து இந்த மலைச் சுவரில்தான் முட்டும், மேலே எங்கேயோ கொட்டுகிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் குகை ஓடையில் ஏறிவிடும். எங்கள் கைடு வானத்தைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான். 'எந்த மாசமும் வரலாம்' என்று சொல்லும் ஏஜென்சியை அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தவிர்த்துவிடலாம். மழைக்காலத்தில் அருவி பார்க்க வாருங்கள், பிரமாதம், ஆனால் குளம் செம்மண் நிறமாக இருக்கும், படியில் அட்டை ஏறும், நீச்சலும் குகையும் நடக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்த இரண்டுக்கும். இன்னொரு வேடிக்கை, அந்த மாசங்களில் சோராவில் குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு, அதனால் தங்குகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடாதீர்கள்.

சாமான் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். பெரிய பையை டிர்னாவிலோ சோராவிலோ வைத்துவிடுங்கள், கீழே போவது சின்னப் பையாக இருக்கட்டும், 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். பைக்குள் தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று, போனுக்கும் மாற்றுத் துணிக்கும். நான் கொண்டுபோனது டெகத்லானில் வாங்கிய சாதா உருட்டிப் பூட்டுகிற வகை, குகைத் தண்ணீரில் இடுப்பு வரை நனைந்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை, முழு மார்க். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற, நனைந்தாலும் கவலை இல்லாத ஷூ. தோல் ஷூ, புதுசாக வாங்கிய வெள்ளை ஷூ, ரப்பர் செருப்பு மூன்றையும் அந்தப் படிகளில் பார்த்தேன், மூன்றும் அழுதுகொண்டிருந்தன. முட்டிவலி உள்ளவர்கள் கீழே ஒரு இரவு தங்கி மறுநாள் விடியற்காலையில் ஏறுங்கள், வெயில் வருவதற்குள் பாதி முடிந்துவிடும், ஒரே நாளில் இறங்கி ஏறுகிற வேலை வேண்டாம். குளுக்கோஸ், ஓஆர்எஸ் கையோடு இருக்கட்டும்.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. 1841-லேயே வெல்ஷ் பாதிரியார்கள் வந்து இறங்கிய ஊர் சோரா, ஞாயிறு என்றால் சர்ச், கடையெல்லாம் மூடிவிடும், ஷேர் சுமோவும் ஏறக்குறைய இருக்காது. சனிக்கிழமை இரவை நோங்ரியாட்டில் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க குளங்களில் கிடந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஹோம்ஸ்டேவுக்கு முன்பணம் எதுவும் வேண்டாம், சீசன் வார இறுதி என்றால் மட்டும் முன்னாலேயே ஒரு போன். கையில் பணத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள், சோராவில் ஏடிஎம் இருக்கிறது, படி இறங்கிவிட்டால் கிடையாது.